இருநூற்றுப் பதினான்காம் ஜாடி

ஜனவரி 6, திங்கள்

என் பெயர் கஸ்பார் மச்சாது. இதை நானே எழுதினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று காலையில் படித்துப் பார்த்தேன். அதே பெயர்தான் இருந்தது.

ஜனவரி 9, வியாழன்

வயது எழுபத்தொன்று. எழுத்துக் கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆசிரியர் என் மனைவி செலஸ்தீன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமான நாளிலிருந்து கற்றுத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருடம் பிடி கொடுக்காமல் இருந்தேன். பிறகு ஒரு நாள் மருந்துக் கடையில் என் பையும் எதிர் வீட்டுக்காரர் பையும் மாறிவிட்டன. பன்னிரண்டு நாள் அவருடைய மாத்திரையை நான் சாப்பிட்டேன். என்னுடையதை அவர் சாப்பிட்டார். இருவரும் சாகவில்லை. ஆனாலும் செலஸ்தீன் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

தினமும் இந்த நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை அவள் சிவப்புப் பேனாவோடு பார்ப்பாள். பொய் எழுதக் கூடாது என்றாள்.

“எழுதுனா நீ எப்படிக் கண்டுபிடிப்ப?” என்றேன்.

“நீங்க வாயால சொல்ற பொய்ய நாப்பத்தேழு வருசமாக் கேக்கேன். தாள்ல வந்தா மட்டும் தெரியாதாக்கும்” என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

தூத்துக்குடி முழுக்க எழுத்தாக இருக்கிறது. இத்தனை காலமும் இருந்திருக்கிறது. சுவரில் இருக்கிறது, மின்கம்பத்தில் இருக்கிறது, உப்பு லாரியின் முதுகில் இருக்கிறது. இங்கே சிறுநீர் கழிக்காதே என்று எழுதியிருந்த சுவரில் நான் பல வருடம் கழித்திருக்கிறேன்.

பேருந்தில் பக்கத்தில் இருந்தவருடைய செய்தித்தாளைப் படித்தேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். இன்னும் முடிக்கவில்லை என்றேன். மறுபடி முன் பக்கத்துக்கு வந்தார். நல்ல மனிதர்.

ஜனவரி 16, வியாழன்

என் வேலையைப் பற்றி எழுதச் சொன்னாள்.

நாற்பத்தைந்து வயது வரை கடலில் மூழ்கிச் சங்கு குளித்தேன். இடது காது போன பிறகு கடலை விட்டேன். அதன்பின் இருபத்தாறு வருடமாகக் கல்லூரியின் கடல் ஆய்வகத்தில் உதவியாள். கப்பல்கள் ஆழ்கடலில் அள்ளிய சேறு வாளி வாளியாக எங்களுக்கு வரும். அதைச் சல்லடையில் இட்டுக் கழுவி, இடுக்கியால் சிப்பி மாதிரி இருக்கும் மட்டிகளைப் பொறுக்கி எடுப்பேன். பார்மலின் ஊற்றிய ஜாடிகளில் அவை அலமாரிக்குப் போகும். முந்நூற்று நாற்பது ஜாடிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை துடைப்பேன். 214-ஆம் ஜாடியை மட்டும் துடைப்பதில்லை. அது மேல் தட்டில் இருக்கிறது. கை எட்டாது.

*(215-ஆம் ஜாடி எட்டுமா? — செ.)*

ஜனவரி 20, திங்கள்

எட்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

எங்கள் ஆய்வாளர் டாக்டர் மெஹருன்னிசா மேடம். காயல்பட்டினத்துக்காரர். முப்பத்தாறு வயது. இன்னும் தற்காலிகப் பணியில்தான் இருக்கிறார். அவர் அறைச் சுவரில் ஒரு மரம் வரைந்து வைத்திருக்கிறார். அது மட்டிகளின் குடும்ப மரம். அடியில் கரை மட்டி, கிளைகளில் ஆழத்து மட்டிகள்.

கரையில் இருந்தவைதான் முதலாம். அவற்றின் வாரிசுகளில் சில ஆழத்துக்கு இறங்கின. ஒரே மூச்சில் இறங்கவில்லை. கோடிக்கணக்கான வருடங்களில், மூழ்கிய மரம், செத்த திமிங்கிலத்தின் எலும்பு, சேற்றிலிருந்து வாயு கசியும் இடம் என்று படிப்படியாக இறங்கின. அங்கே வெயில் இல்லை. தீனியும் அரிது. அழுகிய முட்டை போல நாறும் வாயு மட்டும் உண்டு. அந்த வாயுவைக் கொண்டு பிழைக்கும் நுண்ணுயிர்களை மட்டி தன் செவுளுக்குள் குடிவைத்துக்கொண்டது. அவை சமைக்கும், மட்டி சாப்பிடும். நாளடைவில் மட்டிக்கு வயிறு சுருங்கிப் போனது. சிலவற்றுக்கு வயிறே இல்லை.

இதைச் செலஸ்தீனுக்கு வாசித்துக் காட்டினேன்.

“வீட்டுக்குள்ளயே சமையலுக்கு ஆள் வச்சிக்கிட்டு ஓட்டுக்குள்ள சும்மா கெடக்கும். இதுல என்ன அதிசயம்?” என்றாள். “ஒங்களுக்கு வயிறுதான் சுருங்கல.”

ஜனவரி 22, புதன்

மட்டிகளை வகை பிரிக்க மேடம் மூன்றைப் பார்ப்பார். இரண்டு ஓடும் சேரும் கீலில் இருக்கும் பல், ஓட்டின் உள்ளே தசை ஒட்டியிருந்த வடு, செவுள். நான் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் கீலைத் தடவுவேன். சங்கு குளித்தபோது கலங்கிய தண்ணீரில் பழகிய கை.

போன வருடம் மேடம் ஒரு விளையாட்டு வைத்தார். அலமாரியிலிருந்து ஓடுகளை எடுத்து ஒரு தட்டில் கலந்து கொட்டி, பிரிக்கச் சொன்னார். அவர் கணக்கில் அவை பதினோரு வகை. நான் பதினான்கு குவியல் வைத்தேன். மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வந்து, “பதிமூணு” என்றார். ஒரு வாரம் கழித்து, “சரி, பதினாலு” என்றார். பதினான்காவது குவியலில் இருந்த ஓடு எந்த ஜாடியிலிருந்து வந்தது என்று அப்போது நான் கவனிக்கவில்லை. வெற்றிச் சந்தோஷத்தில் இருந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

ஆய்வகத்தில் பொதுமக்களுக்கு ஒரு காட்சி அறை திறக்கப் போகிறார்கள். இதுவரை ஜாடிகளில் இருந்த சீட்டெல்லாம் ஆங்கிலம். இப்போது தமிழில் பலகைகள் வந்திருக்கின்றன. ஸ்டோர் கீப்பர் வேலாயுதமும் நானும் மாட்டுகிறோம். ஒவ்வொன்றையும் வாசித்த பிறகுதான் மாட்டுவேன் என்றேன்.

“அண்ணாச்சி, இந்த வேகத்துல போனா தெறப்பு விழாவுக்கு ஒம்ம பேரன் பிள்ளைகதான் வரணும்” என்றார் வேலாயுதம்.

ஆறு பலகை முடிந்தது.

ஜனவரி 29, புதன்

இன்று மாட்டிய பலகையைப் பார்த்து எழுதுகிறேன்:

“ஜாடி 214. ஐந்து மட்டிகள். கிடைத்த ஆழம் 1640 மீட்டர். ஆழ்கடல் மட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் ஓடு கனமாகவும் வயிறு சுருங்காமலும் உள்ளன. கரைக்கும் ஆழத்துக்கும் நடுவே, பாதி வழியில் நிற்பவை. அறிவியலுக்குப் புதியவை.”

நல்ல தமிழ். மாட்டிவிட்டு, ஆணி சரியில்லை என்று கழற்றினேன். வேலாயுதம் ஆணியை அசைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

ஜனவரி 31, வெள்ளி

மேடம் கூப்பிட்டார்.

“கஸ்பாரய்யா, அந்தப் பதினாலாவது குவியல் ஞாபகம் இருக்கா? 214-ஆம் ஜாடி ஓடு. நீங்க தனியா வைக்கலன்னா அந்த ஜாடிய நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். ஒரு வருசமா அதப் பத்தித்தான் எழுதிட்டிருக்கேன். மார்ச் ஏழாந்தேதி கட்டுரை அனுப்பணும். அது போனாத்தான் ஏப்ரல்ல நிரந்தர வேலைக்கான இன்டர்வியூவுல நான் நிக்க முடியும்.”

“நல்லது மேடம்.”

“அந்த மட்டிக்கு ஒங்க பேரத்தான் வைக்கப் போறேன்.”

“வேண்டாம் மேடம்.”

“ஏன்?”

“மட்டி சின்னது மேடம். பேரு பெருசு.”

சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. லத்தீனில் கஸ்பாரி என்று வருமாம்.

பிப்ரவரி 3, திங்கள்

லத்தீன் எனக்குப் புதிதல்ல. சிறு வயதில் கோயிலில் பூசை லத்தீனில்தான் நடக்கும். அப்போதும் புரியவில்லை.

செலஸ்தீன் தெருவில் நான்கு வீட்டில்தான் சொன்னாளாம். இன்று மீன் வாங்கப் போனபோது மீன்காரி, “வாரும் மட்டி மச்சாது” என்றாள்.

உலகத்தில் இனி யார் அந்த மட்டியைப் பற்றி எழுதினாலும் என் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். நான் போன பிறகும். இதை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். நான்கை அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

சல்லடை கழுவினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

*(நான்கு நாளாகச் சோறு பாதி மீதி வருகிறது. அதை எழுதலாமே. உங்களுக்கும் வயிறு சுருங்குகிறதா? — செ.)*

பிப்ரவரி 12, புதன்

வெள்ளம் வந்த வருடத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒன்பது வருடம் ஆகிறது.

ஆய்வகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். அங்கே ஒரு பணியாள் இருந்தான். அவன் தனியாக ஜாடிகளை மாடிக்கு ஏற்றினான். காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை ஏற்றினான். ஒரு ஜாடி கை நழுவிப் படியில் உடைந்தது. உள்ளே இருந்த ஐந்து மட்டிகளும் வெள்ளத்தோடு போயின. சீட்டு மட்டும் மிதந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். 214.

தண்ணீர் வடிந்ததும் பழைய பேராசிரியர் வந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. பதிவேடு நனைந்து கூழாகியிருந்தது. “ஜாடி எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டார். எல்லாம் சரி என்றான். சொல்லிவிட்டதால் சரியாக்க வேண்டியிருந்தது.

அவன் நினைத்தான், மட்டிதானே. மட்டி எங்கே கிடக்கும் என்று அவனுக்குத் தெரியும். கடல் தெளிந்த பிறகு ஒரு சிறு வத்தைப் படகில் போய், ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய தோணியின் அடிக்குக் குளித்தான். இற்றுப்போன பலகைக்குக் கீழே, கரிய சேற்றுக்குள், வெள்ளையாக ஏறக்குறைய அதே அளவில் இருந்தன. ஆறு எடுத்தான். அதன்பின் ஒரு வாரம் நல்ல காதும் கேட்கவில்லை. ஐந்தைப் புது ஜாடியில் போட்டுப் பார்மலின் ஊற்றி, அந்தச் சீட்டை உள்ளே விட்டான். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆறாவதை வீட்டுக்குக் கொண்டுபோனான்.

சீட்டில் ஆழம் எழுதியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. மட்டிக்கு முகவரி உண்டு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பணியாள் யார் என்று எனக்கு நினைவில்லை.

*(ஆறாவதை நான்தான் அரிந்தேன். உள்ளே ஆட்டு ரத்தம் மாதிரி சிவப்பு. நாற்றமும் தாங்கவில்லை. சமைக்க மாட்டேன் என்று கொல்லையில் எறிந்தேன். அன்று அதைக் கொண்டுவந்தது யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. பிழை இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். — செலஸ்தீன்)*

பிப்ரவரி 17, திங்கள்

சொன்னால் மேடத்தின் கட்டுரை போகும். கட்டுரை போனால் வேலை போகும். அதனால்தான் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் என் பெயர் நிற்கும். அதனால் இல்லை.

இரண்டும் ஒரே பக்கம் இருப்பதால் எது எவ்வளவு என்று எனக்கே பிடிபடவில்லை.

மார்ச் 3, திங்கள்

கட்டுரை முடிந்துவிட்டது. நாற்பது பக்கம். மேடம் ஒரு பக்கத்தை எடுத்து, ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக் காட்டினார். “இதுதான் நீங்க” என்றார். எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆனால் பார்க்க நன்றாகச் சாய்ந்து இருந்தேன். அந்த ஒரு தாளைத் தர முடியுமா என்று கேட்டேன். தந்தார். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச்சாமியார் ஊருக்குப் புதியவர்.

“சாமி, ஒரு ஜாடியில மட்டிய மாத்திப் போட்டுட்டேன்.”

சாமியார் காதைக் கிட்டே கொண்டுவந்தார். “விக்கிறதுக்கா?” என்றார்.

“இல்ல சாமி. படிக்கிறதுக்கு.”

“யாருக்காவது ஒடம்புக்கு ஏதும் ஆச்சா?”

“இனிமேத்தான் சாமி.”

முழுதாகச் சொன்னேன். மூன்று கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லச் சொன்னார். பிறகு அந்தம்மாவிடம் போய்ச் சொல்லச் சொன்னார். ஜெபத்தை அங்கேயே முடித்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காலை ஏழு மணி. மேடத்திடம் வாயால் சொல்ல வராது என்று தெரிகிறது. எழுதியதுதான் இருக்கிறதே. நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

நோட்டு மேடத்திடம் இருக்கிறது. இதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நேற்று பிப்ரவரி 12-ஆம் பக்கத்தைத் திறந்து அவர் மேசையில் வைத்தேன். என் எழுத்துப் பெரிது. அதனால் பல பக்கம் வந்திருந்தது. மேடம் மெதுவாகத்தான் வாசித்தார். சிவப்பு மையில் இருந்ததையும் வாசித்தார்.

“யாரு இந்தப் பணியாள்?”

“நான்தான் மேடம்.”

எழுந்து போய் 214-ஆம் ஜாடியை இறக்கி மேசையில் வைத்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து மட்டிகளும் அமைதியாக இருந்தன.

“நாப்பது பக்கம்” என்றார். “வயித்தோட இருக்கிற மட்டி ஆயிரத்து அறுநூறு மீட்டர்ல என்ன செய்யுதுன்னு எனக்கு வெளங்கவே இல்ல கஸ்பாரய்யா. அதுக்குக் காரணம் சொல்லியே பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கேன். நல்ல நல்ல காரணம்.”

“மன்னிச்சிருங்க மேடம்.”

“பார்மலின்ல கெடந்ததால மரபணுச் சோதனையும் செய்ய முடியல. ஓட்டையும் சீட்டையும் நம்பித்தான் எழுதினேன். சீட்ட யாராவது சந்தேகப்படுவாங்களா?”

மேடம் ஜாடியைத் தன் பக்கம் திருப்பினார்.

“நிஜமா ஆழத்துலருந்து வந்த அஞ்சும்?”

“வெள்ளத்துல போயிருச்சு மேடம்.”

“வீட்டுக்குப் போங்க” என்றார்.

இன்று மார்ச் ஏழு. கட்டுரை போகவில்லை.

மார்ச் 10, திங்கள்

வீட்டுக்குப் போகச் சொன்னது ஒரு நாளைக்கா, மொத்தமாகவா என்று தெரியவில்லை. வேலாயுதத்திடம் கேட்டேன். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? ஒரு ஜாடிதானா, இல்ல மொத்த அலமாரியுமே ஒம்ம கைவேலைதானா? அதச் சொல்லும் மொதல்ல.”

“ஒண்ணுதான்.”

“அப்போ மிச்சம் முந்நூத்து முப்பத்தொம்பது இருக்கு. போய்த் தொடையும்.”

துடைத்தேன்.

மார்ச் 12, புதன்

மேடம் என்னைக் கடந்து போனார். சல்லடை கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

மேடம் காட்சி அறைக்குப் போய் 214-ஆம் பலகையைத் தானே கழற்றினார். இந்த முறை ஆணியைப் பற்றி யாரும் பேசவில்லை. சுவரில் இருந்த மரத்திலும் ஒரு கிளையை அழித்திருக்கிறார். அழித்த இடம் அழிக்காத இடத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது.

ஜெபப் புத்தகத்தில் இருந்த தாளைச் செலஸ்தீன் பார்த்துவிட்டாள். “இத என்ன செய்யப் போறீங்க?” என்றாள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். “இன்னைக்கே குடுங்க” என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

தாளை மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் அறையில் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று மேடம் கூப்பிட்டார். நோட்டு அவர் முன்னால் திறந்து கிடந்தது. என் எழுத்தில் அவருக்கு அக்கறை இல்லை. சிவப்பு எழுத்தின் மேல் விரல் வைத்திருந்தார்.

“ரத்தம் செவப்புன்னு ஒங்க வீட்டம்மா எழுதியிருக்காங்களே. நெசமா?”

“அவ பொய் எழுத மாட்டா மேடம்.”

“வரி வரியா ஓடு இருக்குமே, அந்த மட்டியா? அதுக்கும் ரத்தம் செவப்புத்தான்.”

“இல்ல மேடம். அது எனக்குத் தெரியாதா? இது வழுவழுன்னு இருக்கும். ஜாடியில இருக்கதுதான்.”

“ஆழத்து மட்டிக்கும் ரத்தம் செவப்புத்தான். பார்மலின்ல நிறமெல்லாம் போயிரும். அதனால எனக்குத் தெரியல. நாத்தம்?”

“அழுகுன முட்டை.”

“சேத்துல எப்படி இருந்துச்சு? மேலயா, உள்ளயா?”

“பாதி உள்ள. இத்துப்போன பலகைக்கு அடியில. காலை மட்டும் நல்லா ஆழமா விட்டிருந்துச்சு. இழுத்தாத்தான் வந்துச்சு.”

மேடம் நோட்டை மூடினார். சுவரில் இருந்த மரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் பேசவில்லை, மரத்திடம்தான் பேசினார். ஆழத்து மட்டிக் குடும்பம், சிவப்பு ரத்தம், நாறும் சேறு, ஆனால் சுருங்காத வயிறு. மூழ்கிய மரத்தடியில், ஏழு பாகத்தில், வெயில் படும் கடலில். பாதி வழியில் நிற்கும் மட்டி என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம், ஆனால் அதைப் படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்றார். அது நிற்பது மேல் படியில். “அங்கதான நிக்கணும்” என்றார்.

எனக்கு முழுதாகப் புரியவில்லை. தலையாட்டினேன்.

“எங்க எடுத்தீங்களோ அந்த எடத்தக் காட்ட முடியுமா? உயிரோட ஒண்ணு வேணும். இல்லன்னா இதையும் யாரும் நம்ப மாட்டாங்க. நானும் நம்ப மாட்டேன்.”

கடைசி வாக்கியத்தை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மார்ச் 22, சனி

கடலுக்குப் போனோம். மேடம், நான், வத்தைக்காரன், குளிப்பதற்குச் சிலுவை என்ற ஆள். சிலுவை இப்போதும் சங்கு குளிப்பவன். நாற்பது வயது இருக்கும். நான் குளிக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. மேடமும் அதையே சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கடலில் இடத்தைத் தெரிந்துகொள்ள நாங்கள் கரையைத்தான் பார்ப்போம். மாதா கோயில் கோபுரமும் உப்புக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மறைய வேண்டும். இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கு அலைதடுப்புச் சுவரின் முனையைத் தொட வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் தோணி.

கலங்கரை விளக்கு முனையைத் தொட்டது. தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை. இடித்துவிட்டார்களாம். மூன்று வருடம் ஆகிறதாம்.

“பெரியவரே, கடலுக்குள்ள தொட்டிய எங்க தேட?” என்றான் சிலுவை.

மேடம் காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இவன் இதையும் மாற்றிச் சொல்கிறானோ என்ற பார்வை. அந்தப் பார்வைக்கு எனக்குத் தகுதி உண்டு.

கயிற்றில் ஈயக் குண்டு கட்டினேன். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் சலவை சோப்பை அப்பினேன். தரையில் முட்டினால் அடிச்சேறு சோப்பில் ஒட்டிக்கொண்டு வரும். விளக்கும் முனையும் சேரும் கோட்டிலேயே வத்தையை மெதுவாக விடச் சொன்னேன். குண்டை இறக்குவது, தூக்குவது, முகர்வது. மணல். மணல். சிப்பித் தூள். மணல். வெயில் ஏறியது. சிலுவை இரண்டு பீடி குடித்து முடித்தான். பத்தொன்பதாவது தடவையோ இருபதாவதோ, குண்டு கறுப்பாக வந்தது. முகர்ந்தேன். மேடத்திடம் நீட்டினேன். அவரும் முகர்ந்தார்.

அவ்வளவு நாற்றத்தை முகர்ந்து ஒருவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்ததில்லை.

சிலுவை மூன்று முறை குளித்தான். முதல் முறை ஒரு பலகைத் துண்டு. தொட்டால் உதிர்ந்தது. இரண்டாம் முறை நான்கு வெற்று ஓடு. மூன்றாம் முறை அவன் மேலே வர நேரமானது. நான் என்னையறியாமல் என் மூச்சைப் பிடித்திருந்தேன். வந்து, வத்தை விளிம்பில் கையைத் திறந்தான். உயிரோடு இரண்டு.

கண்ணை மூடி நகத்தால் தடவினேன். பதினான்காவது குவியல்.

மேடம் ஒன்றைக் கடல் தண்ணீரில் போட்டு வைத்தார். மற்றதைச் சிறு கத்தியால் திறந்தார். தட்டில் சிவப்பாக வடிந்தது. அவர் அதை விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “ஒங்க வீட்டம்மாவுக்கு சலாம் சொல்லுங்க” என்றார்.

*(சலாம் கிடைத்தது. — செ.)*

மார்ச் 24, திங்கள்

மேடத்துக்கு ஏப்ரல் இன்டர்வியூ கிடையாது. புதிதாக எழுத இரண்டு வருடம் ஆகுமாம். தற்காலிகப் பணியை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் தெரியாது. இதையெல்லாம் சல்லடை எடுக்க வந்த இடத்தில் நின்றுகொண்டே சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பெயரைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

தோணிக்கு அடியில் எடுத்த பழைய ஐந்தையும் புது ஜாடிக்கு மாற்றினோம். அதன் எண் 341. இடம், ஆழம், மரம், சேறு, நாற்றம் எல்லாம் நான் சொல்லச் சொல்ல மேடம் சீட்டில் எழுதினார். எடுத்தவர் பெயர் என்ற இடம் வந்ததும் என்னைக் கேட்காமலே எழுதினார். அது மட்டியின் பெயர் இல்லை, எடுத்தவன் பெயர்தான். பொடி எழுத்து.

214-ஆம் ஜாடி காலியாகிவிட்டது. கழுவிக் கவிழ்க்கப் போனேன்.

“கவுக்காதீங்க. அது அலமாரியில இருக்கட்டும்” என்றார் மேடம். “ஒரு சீட்டு எழுதி உள்ள போடுங்க.”

“என்ன எழுத மேடம்?”

“உள்ள இருக்கிறத.”

“உள்ள ஒண்ணும் இல்லியே.”

“அப்போ அத எழுதுங்க.”

பென்சிலும் கெட்டித் தாளும் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். சாயங்காலம் எழுந்தேன். வேலாயுதம் இரண்டு முறை எட்டிப் பார்த்து, “விளக்கப் போடவா அண்ணாச்சி?” என்று கேட்டார். எழுதியது இது:

ஜாடி 214. ஆழம் 1640 மீட்டர். இதில் ஐந்து மட்டிகள் இருந்தன. வெள்ளத்தில் போய்விட்டன. கை நழுவவிட்டவன் கஸ்பார் மச்சாது. எல்லாம் சரி என்று சொன்னவனும் அவனே. இப்போது இதில் ஒன்றும் இல்லை.

மேடம் வாசித்தார். ஒன்றையும் திருத்தவில்லை. சீட்டை உள்ளே விட்டு மூடியைத் திருகினேன். மேல் தட்டில், 213-க்கும் 215-க்கும் நடுவில் வைத்தேன். கை எட்டியது. துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.